ஆபத்தான சரக்கும் பாதையோர ஊர்களும்

(மரக்காணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரயில் நிலையமே இல்லாத ஊரில் சரக்கு ரயிலின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இன்னும் ரயில் வராத ஊரில்தான் இதைப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். பாதை போட்டு, வீடுகள் நெருங்கி, பள்ளிக்கூடம் கட்டி முடித்த பிறகு பேசினால், மாற்ற முடிந்தவை மிகக் குறைவாகவே மிஞ்சும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 180 கி.மீ. நீளத்துக்குக் கிழக்குக் கடற்கரை ரயில் பாதை அமைக்கும் திட்டம் ரயில்வேயின் ஏட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தத் தடத்தில் பேசப்படும் ஊர்களில் மரக்காணமும் ஒன்று. இந்தப் பாதை வர வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். இன்று ரயிலேற நீங்கள் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு பாதை வந்தால் பயணிகள் வண்டி மட்டும் அதில் ஓடாது. வடக்கே எண்ணூர், மணலி தொழிற்பகுதிகள். தெற்கே கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. இரண்டையும் இணைக்கும் பாதையில் என்னென்ன சரக்கு போகும் என்று ஊகிப்பது கடினமல்ல.

உப்பிலிருந்து குளோரின் வரை

சரக்குப் போக்குவரத்து இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்ககால எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். உப்பும் விறகும் படகில் ஏறி இங்கிருந்து சென்னைக்குப் போன காலம் உண்டு. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்து உப்புக்குப் பெயர் பெற்ற ஊர் இது.

நீங்கள் வாரிக் குவிக்கும் பொருளுக்குச் சமையலறையைத் தாண்டியும் வேலை இருக்கிறது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. ஒரு டன் காஸ்டிக் சோடா எடுக்கும்போது ஏறத்தாழ 880 கிலோ குளோரின் உடன் பிறக்கிறது. இங்கிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் காலாப்பட்டிலும், மேட்டூரிலும், காரைக்கால் பக்கத்திலும் இந்தத் தொழில் நடக்கிறது. கடலூர் சிப்காட்டில் பி.வி.சி. செய்வதற்கான வினைல் குளோரைடு கப்பலில் வந்து, கடலடிக் குழாய் வழியே கரையேறுகிறது.

குளோரின் இல்லாமல் நகரங்களுக்குச் சுத்தமான குடிநீர் இல்லை. டீசல் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகாது. அம்மோனியா இல்லாமல் யூரியா இல்லை. ஆகவே இந்தப் பொருள்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இவை போகட்டும், போகும் வழியில் இருக்கும் ஊருக்கு அது தெரியட்டும் என்கிறேன். இன்றைய ஏற்பாட்டில் வண்டிக்கு விதி இருக்கிறது, சரக்குக்கு விதி இருக்கிறது. வண்டி கடந்துபோகும் ஊருக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

திருவள்ளூர், 2025 ஜூலை 13

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியும் நேரத்தில், டீசல் ஏற்றிவந்த சரக்கு ரயில் திருவள்ளூர் அருகே தடம் புரண்டு தீப்பற்றியது. 18 டேங்கர் வேகன்கள் எரிந்தன. ஒரு டேங்கர் வேகன் ஏறத்தாழ 70,000 லிட்டர் கொள்ளும். கரும்புகை பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரிந்தது. சென்னை–அரக்கோணம் வழித்தடம் முழுவதும் நின்றுபோனது. மேலே செல்லும் மின்கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். எரியாத வேகன்களைப் பிரித்து அப்பால் இழுத்துச் சென்றார்கள். பாதையை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். விபத்து நடந்த இடத்துக்கு அருகே தண்டவாளத்தில் விரிசல் காணப்பட்டதாகச் செய்தி வந்தது, விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது.

உயிரிழப்பு இல்லை. தீயணைப்புத் துறையினரும் ரயில்வே ஊழியர்களும் அன்று செய்த வேலையை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். எரிந்தது டீசல். எளிதில் ஆவியாகாத எண்ணெய் அது. அந்த 18 வேகன்களில் பெட்ரோலோ சமையல் எரிவாயுவோ அம்மோனியாவோ இருந்திருந்தால், அந்தக் குடியிருப்பு மக்களுக்கு எழுந்து வெளியே வரவாவது நேரம் இருந்திருக்குமா?

சாலையைவிட ரயில் மேல்

இதைக் கேட்டு ரயிலே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 2012 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் எரிவாயு டேங்கர் லாரி சாலைத் தடுப்பில் மோதி வெடித்தது. 20 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் ஜெய்ப்பூர் நெடுஞ்சாலையிலும் எரிவாயு டேங்கர் லாரி பல உயிர்களைப் பறித்தது. 2025 ஜனவரியில் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஒரு டேங்கர் கவிழ்ந்தபோது, சுற்றிலும் இருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பல மணி நேரம் போராடி அசம்பாவிதம் இல்லாமல் தடுத்தார்கள். இந்தச் சரக்கைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலா வாகனங்களுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் நடுவே ஓட்டுவதைவிட, தனிப் பாதையில், சிக்னலுக்குக் கட்டுப்பட்டு ஓடும் ரயிலில் ஏற்றுவது மேல். ஆனால் ரயிலில் ஒரு விபத்து நேர்ந்தால் அளவு பெரிது. ஒரு லாரியில் போவதைப்போலப் பல மடங்கு ஒரே வண்டியில் போகிறது. அரிதாக நடப்பது, நடந்தால் பெரிதாக நடக்கும். எனவே தயாராக இருப்பதும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும்.

ஊர் கண்டது, வண்டி அறியவில்லை

வெளிநாட்டு விபத்துகள் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன.

1979 நவம்பர் 10. கனடாவின் மிசிசாகா நகரம். 106 வேகன்கள் கொண்ட சரக்கு ரயிலில் ஒரு வேகனின் அச்சு முனை, மசகு இல்லாமல் பழுக்கச் சூடேறியது. நம் ரயில்வேக்காரர்கள் ‘ஹாட் ஆக்ஸில்’ என்று சொல்வது இதைத்தான். சக்கரங்கள் கழன்று வண்டி தடம் புரண்டது, புரொப்பேன் வெடித்தது, குளோரின் டேங்கர் ஒன்று ஓட்டையானது. அதற்கு முன்பே பாதையோரம் வசித்தவர்கள் புகையையும் தீப்பொறியையும் பார்த்திருந்தார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேற்றப்பட்டனர். ஒருவரும் இறக்கவில்லை. வண்டியில் இருந்த ஊழியர் ஒருவர் தீக்கு அருகே சென்று, முன்பகுதி வேகன்களின் இணைப்பைக் கழற்றிவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

2013 ஜூலை 6. அதே கனடாவில் லாக்-மெகாந்திக் என்ற சிற்றூர். 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயிலை மேட்டில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இரவு ஓய்வுக்குப் போனார். எஞ்சினில் தீப்பிடித்ததைப் பார்த்த ஊர்க்காரர் தகவல் சொன்னார். தீயணைப்பு வீரர்கள் வந்து தீயை அணைத்து, எஞ்சினையும் நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதால் பிரேக்கைப் பிடித்துவைத்திருந்த காற்றழுத்தம் மெல்ல இறங்கியது. கைபிரேக் போட்டிருந்தது ஏழில்தான்; குறைந்தது 17 தேவை என்று பின்னர் விசாரணை கூறியது. வண்டி தானாக உருண்டு, 11 கி.மீ.க்கு மேல் இறங்கி, ஊரின் நடுவே கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். தீயணைப்பு வீரர்களுக்குத் தீ தெரியும். எஞ்சினை நிறுத்தினால் பிரேக் என்னாகும் என்பதை அங்கே அவர்களுக்கு எடுத்துச்சொல்ல, அது தெரிந்தவர் இல்லை.

2023 பிப்ரவரி 3. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன். மீண்டும் சூடேறிய பேரிங். பாதையில் வெப்பம் பார்க்கும் கருவிகள் இருந்தன. ஒரு கருவியில், சுற்றுப்புறத்தைவிட 57 டிகிரி செல்சியஸ் கூடுதல் என்று பதிவானது. வண்டியை நிறுத்தச் சொல்லும் அளவை அது எட்டவில்லை. அடுத்த கருவி சுமார் 31 கி.மீ. தள்ளி இருந்தது. அங்கே 140 டிகிரி கூடுதல் என்று எச்சரிக்கை ஒலித்தபோது காலம் கடந்துவிட்டது. 38 வேகன்கள் தடம் புரண்டன. அவற்றில் ஐந்தில் வினைல் குளோரைடு. ஆனால் வழியில் சேலம் என்ற பெயருடைய அந்நாட்டு ஊரில், ஒரு தொழிற்சாலையின் கேமராவில் வேகனுக்கு அடியில் தீ எரிவது முன்பே பதிவாகியிருந்தது. அதைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொல்ல வழி எதுவும் அமைந்திருக்கவில்லை.

மூன்று இடங்களிலும் ஆபத்தின் அறிகுறி முதலில் தென்பட்டது பாதையோரத்தில். மூன்றிலும் ஊர் அறிந்ததும் ரயில்வே அறிந்ததும் உரிய நேரத்தில் ஒன்றுசேரவில்லை.

நம்மிடம் இதற்கான நல்ல மரபு உண்டு. நிற்காமல் போகும் வண்டிக்குக் கூட ஸ்டேஷன் மாஸ்டரும் பாயின்ட்ஸ்மேனும் கொடியோடு வெளியே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியில் சூடேறிய அச்சு உண்டா, தொங்கும் பாகம் உண்டா என்று பார்த்துத்தான் ‘ஆல் ரைட்’ காட்டுகிறார்கள். கேட் கீப்பரும் அதையே செய்கிறார். இன்று லெவல் கிராசிங்குகளை நீக்கிச் சுரங்கப்பாதை கட்டுகிறோம். சாலை விபத்தைத் தடுக்க அது தேவை. ஆனால் ஒரு கேட் போகும்போது, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கண்களும் போகின்றன. அந்தக் கண்களுக்கு மாற்று என்ன என்பதைப் புதிய பாதையைத் திட்டமிடும்போதே தீர்மானிக்க வேண்டும்.

இந்தக் கரையின் தனித்தன்மை

உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரும் குழாயும் படும் பாட்டைத் தினமும் பார்க்கிறீர்கள். தண்டவாளத்துக்கும் அதே கதிதான். அரிப்பு பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில், கிளிப்பும் லைனரும் பிடிக்கும் இடத்தில், கண்ணுக்கு மறைவாக நடக்கிறது. ஒலியலையைச் செலுத்தி விரிசல் தேடும் கருவி, தண்டவாளத்தின் தலையையும் நடுத்தண்டையும் நன்றாகப் பார்க்கும். அடிப்பகுதியின் இரு ஓரங்கள் அதன் வழக்கமான சோதனைக்குள் வராது. ஆகவே கடற்கரைப் பாதையில் கிளிப்பைக் கழற்றி, துடைத்து, கண்ணால் பார்த்து, கிரீஸ் பூசும் கீமேனின் கைவேலைக்கு ஈடு கிடையாது. அரிப்பைத் தாங்கும்படி நிக்கலும் தாமிரமும் குரோமியமும் கலந்த தண்டவாளங்களைப் பிலாய் ஆலை உருவாக்கியிருக்கிறது. உப்பளம் கடக்கும் பகுதிக்கு அவற்றைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது நிலம். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனம். கசிந்தால் இவை தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தங்கும். உப்பளமோ மரமில்லாத, தாழ்ந்த, சமதள வெளி. பாத்திகளில் குனிந்து வேலை செய்பவரின் மூக்கு தரைக்கு அருகில் இருக்கிறது. காற்று அடங்கிய விடியற்காலையில் வாயு கலையாமல் நிற்கும். வெயிலுக்கு முன் வேலையை முடிக்க நீங்கள் அளத்தில் இறங்கும் நேரமும் அதுதான். போபால் விஷவாயுக் கசிவு நள்ளிரவில் நடந்தது. 2005இல் அமெரிக்காவின் கிரானிட்வில்லில், பாதை மாற்றியைத் திருப்பாமல் விட்டதால் குளோரின் ரயில் மோதியதும் அதிகாலை மூன்று மணிக்குள்தான்; 9 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும், மேடான இடத்துக்குப் போக வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்று அந்த மக்களுக்கு முன்பே யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, புயல். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம்தான் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் வெள்ளம் உயர்ந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. உள்நாட்டுப் பாதைக்கே அந்த நிலை. கழுவேலி ஏரியின் நீரும் கடலும் சந்திக்கும் இடத்தில் போடும் பாதையில், புயல் எச்சரிக்கை வந்ததும் ஆபத்தான சரக்கு வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கு விடை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது, ஊர் இல்லை

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 67ஆம் பிரிவில், ஆபத்தான பொருளை அனுப்புபவர் எழுத்து மூலம் அறிவித்து, பொட்டலத்தின் வெளியே அடையாளம் இட வேண்டும் என்கிறது. ‘ரெட் டாரிஃப்’ என்று அழைக்கப்படும் விதித்தொகுப்பு, வெடிபொருள் முதல் அமிலம் வரை எட்டு வகையாகப் பிரித்து, எதை எதோடு ஏற்றலாம், எப்படிக் கையாள வேண்டும் என்று வகுத்திருக்கிறது. இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் பார்த்தோம். நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள்.

1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள், மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழுவும், தொழிற்பேட்டைப் பகுதிகளுக்கு உள்ளூர்க் குழுவும் அமைக்கச் சொல்கின்றன. ஆலை இருக்கும் ஊருக்கு உள்ளூர்க் குழு உண்டு. ஆலையின் சரக்கு கடந்துபோகும் ஊருக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இல்லாததால், ஆலைகளுக்கு நடப்பதுபோன்ற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் பாதைக்குக் கட்டாயமில்லை.

நச்சுப் பொருள் கணக்கில்லாமல் கைமாறினால் என்ன நேரும் என்பதை இந்தக் கரை பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. 2023 மே மாதம், தொழிற்சாலைகளுக்கான மெத்தனால் கள்ளச்சாராயமாக மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்துக்கு வந்தது. 14 உயிர்கள் போயின. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் பலர் இறந்தார்கள். அது ரயில் விபத்தல்ல. ஆனால் ஆலை வாசலைத் தாண்டிய பிறகு ஒரு நச்சுப் பொருள் எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது என்று யாரும் பின்தொடராததன் விலை அது. அந்தக் குடும்பங்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர்களுக்கு முன்னால் நின்று இதைச் சொல்லும்போது, மறுபடியும் அப்படி நடக்க விடக்கூடாது என்ற பொறுப்போடு சொல்கிறேன்.

என்ன கேட்க வேண்டும்

முதலாவது, தகவல். எந்த வகைச் சரக்குகள் இந்தப் பாதையில் போகும் என்ற பட்டியல் ஊராட்சிக்கும், தீயணைப்பு நிலையத்துக்கும், அரசு மருத்துவமனைக்கும் கிடைக்க வேண்டும். வண்டி போகும் நாளையும் நேரத்தையும் பாதுகாப்புக் கருதி ஆட்சியர் அலுவலகம் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவருக்குத் தேவைப்படுவது வந்தது குளோரினா, அம்மோனியாவா, மெத்தனாலா என்பது. டேங்கரின் பலகையில் உள்ள நான்கு இலக்க எண் அதைச் சொல்லும்: 1017 குளோரின், 1005 அம்மோனியா, 1075 சமையல் எரிவாயு, 1203 பெட்ரோல், 1230 மெத்தனால். இந்த எண்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு போதும்.

இரண்டாவது, ஊரின் கண்களுக்கு ஒரு வழி. மின்பாதை ஓரத்துக் கம்பம் ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் எண்ணும் கம்ப வரிசை எண்ணும் எழுதியிருக்கும். அதைப் படித்து, 139இல் அழைத்து, “இந்தக் கம்பத்துக்கு அருகே புகை வருகிறது” என்று சொல்லத் தெரிந்த ஒருவர், கருவி இல்லாத 30 கி.மீ. தூரத்தை ஈடுகட்டுவார். அப்படி வரும் அழைப்பு சில நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையை எட்டி வண்டியை நிறுத்தும்படி ரயில்வே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பாதையின் அமைப்பு. உப்பளத்துக்கும் குடியிருப்புக்கும் விலகிய தடம், அரிப்பைத் தாங்கும் தண்டவாளம், நெருக்கமாக வைத்த வெப்பக் கருவிகள், ஆட்கள் குறையாத கீமேன் ரோந்து. வண்டிகள் நிறுத்திவைக்கும் லூப் லைன் ஊருக்கு நடுவே வரக் கூடாது.

நான்காவது, ஒத்திகை. ரயில்வே, தீயணைப்பு, மருத்துவமனை, ஊராட்சி நான்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றாக நின்று ஒத்திகை நடத்த வேண்டும். நுரைக் கலவை எங்கே இருக்கிறது, மூச்சுக் கருவி எத்தனை உண்டு, எஞ்சினை யார் நிறுத்தலாம், யார் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் தெளிவாக வேண்டும். உப்பளத் தொழிலாளர்கள் அதில் பார்வையாளர்களாக இல்லாமல் பங்கேற்பாளர்களாக இருக்க வேண்டும்.

போபாலில் அந்த இரவு, துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர் மேலிட உத்தரவுக்குக் காத்திராமல், பயணிகள் நிறைந்த விரைவு ரயிலை நேரத்துக்கு முன்பே புறப்படச் செய்தார். பல நூறு பேர் பிழைத்தார்கள். அவருடைய உடல்நலம் அதோடு கெட்டது. அவரை வணங்குகிறேன். ஆனால் ஒரு தனிமனிதரின் துணிச்சல் வாய்க்கும் என்று நம்பி ஒரு கரையோரத்து மக்களை விட்டுவிட முடியாது. முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும்.

கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்றேன். கிராம சபை இருக்கிறது. அடுத்த கிராம சபையில் உங்கள் ஊராட்சிகளும், மன்றக் கூட்டத்தில் மரக்காணம் பேரூராட்சியும், இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் தெற்கு ரயில்வேக்கும் அனுப்புங்கள். தடம் இன்னும் தரையில் இறங்கவில்லை. இப்போது எழுதும் ஒரு வரிக்கு, பிறகு எழுதும் நூறு மனுக்களைவிட மதிப்பு அதிகம். பாதை வரட்டும். நமது நிபந்தனைகளோடு வரட்டும்.